ஒன்பதாம் பாடத்தை எழுதியவர்

கிளெமென்ற் சவரிமுத்துவும் நானும் கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் ஏஜென்சிக் கந்தோரில் பதினெட்டு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் வேலை செய்தோம். அவர் கத்தோலிக்கர், கொட்டாஞ்சேனைக்காரர். நான் மருதானை; என் பெயர் பலீல். அவருடைய கதையில் எனக்கும் ஒரு சிறிய இடம் இருக்கிறது. நான் கேட்டு வாங்கிய இடமல்ல அது.

கிளெமென்ற் நல்ல உயரம். வெள்ளை டிரில் கோட்டின் மேல்பையில் எப்போதும் இரண்டு பேனைகள் இருக்கும். அவர் கையெழுத்தைக் கப்பல் கப்டன்மாரே மெச்சுவார்கள். எல்லோருக்கும் உதவி செய்வார். ஆனால் அவர் முன்னால் இன்னொருவரைப் புகழக்கூடாது. ஒருமுறை தலைமைக் கிளாக்கர் என்னுடைய கூட்டல் பிழையில்லாமல் இருக்கிறது என்று சும்மா ஒரு வார்த்தை சொன்னார். அன்று மாலைவரை கிளெமென்ற் என்னோடு பேசவில்லை. மறுநாள் தானாகவே வந்து, "நேற்று எனக்குத் தலையிடி, பலீல்" என்றார்.

அவருக்கு இருந்த ஒரே ஆசை பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று போட வேண்டும் என்பது. அந்தக் காலத்தில் இலங்கைக்குச் சொந்தமாகச் சர்வகலாசாலை இல்லை. கொழும்பில் இருந்த கல்லூரியும் லண்டன் சர்வகலாசாலையின் பரீட்சைக்குத்தான் பிள்ளைகளைத் தயார் செய்தது. பகலில் கந்தோருக்குப் போகிறவர்கள் அங்கே படிக்க முடியாது. அவர்களுக்கு வேறொரு வழி இருந்தது. வீட்டிலிருந்தே படித்து, லண்டனிலிருந்து வரும் வினாத்தாளுக்குக் கொழும்பில் இருந்து விடை எழுதலாம். விடைத்தாள்கள் கப்பலேறி லண்டனுக்குப் போகும், அங்கே திருத்துவார்கள். பாடங்களையும் தபாலில் அனுப்ப இங்கிலாந்தில் நிலையங்கள் இருந்தன.

1933ஆம் ஆண்டு கிளெமென்ற் அப்படி ஒரு நிலையத்தில் சேர்ந்தார். மெயில் கப்பல் வந்தால் நீல உறையில் பாடம் வரும். அவர் கட்டுரை எழுதி அனுப்பினால், ஏழெட்டுக் கிழமையில் அது சிவப்பு மையில் திருத்தப்பட்டுத் திரும்பி வரும். அடியில் ஈ.எச். என்று இரண்டே எழுத்தில் கையொப்பம். அவர் வீடு இருந்த ஒழுங்கைக்கு வரும் தபால்காரன் எல்லாருடைய கடிதங்களையும் முதல் வீட்டிலேயே போட்டுவிட்டுப் போவானாம். அதனால் லண்டன் தபாலெல்லாம் கந்தோர் முகவரிக்குத்தான் வந்தது.

அவருடைய மனைவி மெற்றில்டா கலியாணத்துக்கு முன் கன்னியர் பாடசாலையில் படிப்பித்தவர். பள்ளிக் கடைசிப் பரீட்சையான சீனியரில் லத்தீனுக்குப் பரிசு வாங்கியவர். கலியாணத்தோடு வேலையை விட்டுவிட்டார். மகள் டோரின் மத்தியானம் தூங்கும்போது, கணவர் வீட்டில் வைத்துவிட்டுப் போன நீலப் பாடங்களை எடுத்து வாசிப்பாராம். "என்ர மனுசியும் லண்டன் பாடம் படிக்கிறா" என்று கிளெமென்ற் கந்தோரில் சொல்லிச் சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அடுத்த வருஷம் ஆவணியில் அவருக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. ஐந்து கிழமை படுக்கை. ஒன்பதாம் பாடத்துக்குக் கட்டுரை அனுப்ப வேண்டிய தவணை அந்த நாட்களில்தான் வந்தது. அவர் எழும்பி உட்கார்ந்து கஞ்சி குடிக்கத் தொடங்கிய பிறகு மெற்றில்டா சொன்னார்: "தவணை தப்பிப் போகும் எண்டு உங்கட பேரில நானே எழுதி அனுப்பிட்டன். கோவிக்க வேண்டாம்." கிளெமென்ற் கோபிக்கவில்லை. முழுக்கச் சிவப்பு மையாகத் திரும்பி வரும், பிறகு ஆறுதல் சொல்லலாம் என்று நினைத்தாராம்.

இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. ஐப்பசியில் ஒரு காலை அவர் தன் மேசையில் நீல உறையை உடைத்தார். வாசித்தவர் அசையாமல் இருந்தார். ஏதோ துக்கச் செய்தி என்று பயந்து நான் எழும்பிப் போய்த் தாளை வாங்கிப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் ஈ.எச். எழுதியிருந்தது இதுதான்:

"இதுவரை நீர் புத்தகம் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்லி வந்தீர். இந்த முறைதான் நீர் பேசுவதைக் கேட்டேன். இந்த வருஷம் என் மேசைக்கு வந்த கட்டுரைகளில் இதுவே சிறந்தது."

நான் அதைக் கந்தோர் முழுவதற்கும் கேட்கும்படி உரக்க வாசித்தேன். தலைமைக் கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து கிளெமென்றின் கையைக் குலுக்கினார். கிளெமென்ற் "தேங்க் யூ சேர்" என்றார். அவ்வளவுதான். அடக்கம் என்று நான் நினைத்தேன்.

அன்று எனக்கும் பொறுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான் ஜூனியர் பரீட்சையோடு படிப்பு நின்றுபோனவன். வீட்டுக்குப் போய், மீன் ஆணத்தில் உப்பில்லை என்று என் மனைவி லுத்பியாவோடு சண்டை பிடித்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

இனிச் சொல்லப்போவதைக் கிளெமென்ற் பல வருஷங்களுக்குப் பிறகு என்னிடம் சொன்னார்.

அன்று அவர் அந்தக் கட்டுரையை வீட்டுக்குக் கொண்டு போகவில்லை. மெற்றில்டா கேட்டபோது, "பரவாயில்லை எண்டு எழுதியிருக்கினம்" என்றார். அடுத்த பாடத்தை மிகவும் கஷ்டப்பட்டு எழுதினார். விடிய நாலு மணிக்கு எழும்பி, ஒவ்வொரு வசனத்தையும் மூன்று தரம் மாற்றினார். அது திரும்பி வந்தபோது ஈ.எச். ஒரே வரி எழுதியிருந்தது: "ஒன்பதாம் பாடத்தை எழுதியவர் எங்கே போனார்?"

அந்த வரி அவரைக் குத்திக்கொண்டே இருந்தது. வீட்டில் மெற்றில்டா அரிசி களைவதையும் டோரினுக்குத் தலை பின்னுவதையும் பார்க்கும்போதெல்லாம், இவளிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று நினைப்பாராம். ஐயாயிரம் மைலுக்கு அப்பால் யாரோ ஒரு வெள்ளைக்காரன் தன் மனைவியின் எழுத்தை விரும்பி வாசிக்கிறான், அவளைத் தேடுகிறான் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. அதற்குப் பிறகு வந்த பாடங்களை அவர் கந்தோர் மேசை லாச்சியில் போட்டுப் பூட்டினார்.

"பாடம் ஒண்டும் வரேல்லையா?" என்று மெற்றில்டா கேட்பார்.

"மெயில் பிந்துது" என்பார் இவர்.

கப்பல் ஏஜென்சியில் வேலை செய்கிறவர் மெயில் பிந்துகிறது என்றால் எந்த மனைவி நம்பாமல் இருப்பாள்?

ஆனால் ஐப்பசி முடியுமுன்னே மெற்றில்டா ஒரு காரியம் செய்திருந்தார். ஈ.எச்.சுக்கு நேரே ஒரு கடிதம் எழுதினார். ஒன்பதாம் பாடம் தான் எழுதியது என்றும், அதற்கு மன்னிக்க வேண்டும் என்றும், தன்னைப் போன்ற ஒருத்தி பரீட்சைக்குப் போகலாமா என்றும் கேட்டிருந்தார். லண்டன் கடிதமெல்லாம் அங்கேதான் வரும் என்பதால் கந்தோர் முகவரியையே கொடுத்தார்.

மார்கழி இருபத்தெட்டாம் திகதி பதில் வந்தது. உறையில் மிஸிஸ் சவரிமுத்து என்று இருந்தது. கிளெமென்ற் அதை உடைத்தார். ஈ.எச். முழுப்பெயரைப் போட்டிருந்தார்: ஈடித் ஹோம்வூட். ஒரு பெண். தானும் பகலில் வேலை செய்து மாலையில் படித்துத்தான் பட்டம் பெற்றதாக எழுதியிருந்தார். மெற்றில்டாவின் சீனியர் பெறுபேற்றைக் கொண்டு நேரே பி.ஏ.வின் முதற்கட்டமான இன்ரர் பரீட்சைக்கு விண்ணப்பிக்கலாம், விண்ணப்பம் தை பதினைந்துக்கு முன் கொழும்பில் கொடுபட வேண்டும், தவற விடவேண்டாம் என்றும் இருந்தது.

"ஆம்பிளை ஒருத்தன் எழுதியிருந்தால் நான் கிழிச்சுப் போட்டிட்டு நிம்மதியா இருந்திருப்பன், பலீல்" என்றார் கிளெமென்ற். "கோவிக்க எனக்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும். பொம்பிளை எண்டதும் அதுவும் இல்லாமல் போச்சுது. மெற்றில்டா கெட்டிக்காரி. அது மட்டும்தான் மிச்சம்."

இன்றைக்குக் கொடுப்போம், நாளைக்குக் கொடுப்போம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாராம். தை பதினைந்து போனது. கடிதம் லாச்சியிலேயே கிடந்தது.

அந்த வருஷம் ஆடியில் கிளெமென்ற் தனியாக இன்ரர் பரீட்சை எழுதினார். லத்தீனிலும் தர்க்கத்திலும் தவறினார். திரும்பவும் பாடங்களுக்கு எழுதிப் போட்டார்.

கார்த்திகையில் துறைமுகப் படிக்கட்டில் சறுக்கி அவர் கால் வீங்கி வீட்டில் இருந்தார். அந்தக் கிழமை நீல உறை வந்தது. பாவம், மனிசன் படிக்கட்டும் என்று நான் வேலை முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு டிராமில் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

மெற்றில்டா கதவைத் திறந்தார். உறையை அவர் கையில் கொடுத்தேன். முன் அறையில் காலை ஸ்டூலில் நீட்டியபடி இருந்த கிளெமென்ற், "பலீல், அதை இங்க தாங்க" என்று கத்தினார். ஆனால் மெற்றில்டா, ஒரு வருஷமாகக் கண்ணில் காணாத அந்த நீலத்தைக் கண்டு சந்தோஷத்தில் உடைத்துவிட்டார். மேலே ஈ.எச்.சின் ஒரு சிறு கடிதம் இருந்தது; போன மார்கழியில் மெற்றில்டாவுக்கு எழுதியதற்குப் பதில் வரவில்லையே என்று அதில் கேட்டிருந்ததாம். நின்றபடியே வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"போன மார்கழியில எனக்கு ஒரு கடிதம் வந்ததா?"

கிளெமென்ற் உறைக்காகக் கையை நீட்டினார்.

"உங்களைத்தான் கேக்கிறன்."

"வந்தது."

"எங்க அது?"

"கந்தோர்ல. லாச்சிக்குள்ள."

மெற்றில்டா விரல்களை மடக்கி எண்ணினார். "பதினொரு மாசம்" என்றார். குரல் உயரவில்லை. "அந்த ஆள் எனக்குப் பதில் எழுதேல்லை எண்டு நினைச்சிருந்தனான். என்ர இங்கிலீஷ் பிழையாக்கும், அதைப் பார்த்துச் சிரிச்சிட்டு விட்டிருப்பினம் எண்டு நினைச்சிருந்தனான். ஒவ்வொரு நாளும் அதைத்தான் நினைச்சனான்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அங்கிருந்து போகவும் தெரியவில்லை. "என்ன கடிதம்? ஒன்பதாம் பாடத்தைப் பற்றியா? அதுதான் ஏ கிளாஸ் எண்டு வந்ததே, நானே கந்தோர்ல வாசிச்சேனே" என்று உளறினேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்பிடியா வந்தது? மிஸ்டர் பலீல், அது நான் எழுதினது. இவர் காய்ச்சலாக் கிடந்தவர்."

நான் கிளெமென்றைப் பார்த்தேன். அவர் தன் வீங்கிய காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் இப்பிடிச் செய்தனீங்க?" என்று மெற்றில்டா கேட்டார்.

"நீர் பாஸ் பண்ணிப்போடுவீர் எண்டு பயம்."

அவர் சொன்ன பொய்களையெல்லாம் விட அந்த உண்மை கேட்கக் கஷ்டமாக இருந்தது. மெற்றில்டா உறையை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார். போகும்போது, "நாளைக்கு அந்தக் கடிதம் எனக்கு வேணும்" என்றார்.

கிளெமென்ற் லாச்சியின் திறப்பை என்னிடம் தந்தார். மறுநாள் நான் லாச்சியைத் திறந்தேன். கடிதமும், பதினைந்து பாடங்களும், முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை அழகான பெண் கையெழுத்தில் அந்த ஒன்பதாம் பாடக் கட்டுரையும் இருந்தன. அன்று நான் சிவப்பு மையை மட்டும்தான் பார்த்திருந்தேன். எல்லாவற்றையும் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மெற்றில்டா கன்னியர் பாடசாலையில் திரும்ப வேலைக்குச் சேர்ந்தார். தன் தபாலை அந்த முகவரிக்கு மாற்றிக்கொண்டார். கணவருக்குச் சோறு போட்டார், சட்டை தோய்த்தார், சாப்பாட்டையும் பிள்ளையையும் பற்றி மட்டும் பேசினார். 1936 பரீட்சைக்கு இருவருமே விண்ணப்பித்தார்கள். இரண்டு விண்ணப்பமும் ஒரே நாளில், வேறு வேறு உறைகளில் போயின.

ஆடி மாதம், நல்ல வெக்கை. பெயர் வரிசைப்படி ஆசனம் போட்டிருந்தார்கள். சவரிமுத்து சீ. எம். முன்னால், சவரிமுத்து எம். சீ. பின்னால். கிளெமென்றுக்கு மனைவியின் முகம் தெரியவில்லை. பேனைச் சத்தம் மட்டும் கேட்டது. அது நிற்கவே இல்லையாம். ஒரு மணித்தியாலத்துக்குள் மெற்றில்டா இரண்டு தரம் கூடுதல் தாள் கேட்டார். ஒவ்வொரு தரமும் மேற்பார்வையாளர் கிளெமென்றின் மேசையைத் தாண்டிப் போனார். கிளெமென்ற் முதலாம் கேள்விக்கு எழுதியதையே வெட்டி வெட்டி எழுதிக்கொண்டிருந்தார்.

விடைத்தாள்கள் முத்திரையிட்ட தகரப் பெட்டியில் எங்கள் கந்தோரின் பொறுப்பில் இருந்த கப்பலில்தான் போயின. அதற்கான பத்திரத்தைக் கிளெமென்றே எழுதினார். பெட்டி வள்ளத்தில் இறங்கிக் கப்பலுக்குப் போவதைப் படிக்கட்டில் நின்று பார்த்தார். இந்தக் கப்பல் போய்ச் சேராமல் தாழ்ந்துபோகட்டும், என் தாளும் சேர்ந்து தாழ்ந்தாலும் பரவாயில்லை என்று அந்த இடத்தில் மனதார வேண்டினாராம்.

சனிக்கிழமை லூசியா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இதைச் சுவாமியாரிடம் சொன்னார். சுவாமியார், "கப்பலில எத்தனை பேர்?" என்று கேட்டார்.

அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அதுதானே அவர் வேலை. "முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், சுவாமி" என்றார்.

அந்தக் கணக்கைத் தன் வாயால் சொன்னபோதுதான், தான் வேண்டியது என்னவென்று விளங்கியது என்றார் என்னிடம். கப்பல் லண்டனில் சேர்ந்தது என்று கேபிள் வரும்வரை அவர் சரியாகத் தூங்கவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் பெறுபேறு பத்திரிகையில் வந்தது. சித்தியடைந்தவர்களின் பட்டியலில் சவரிமுத்து, எம். சீ. என்று ஒரே ஒரு பெயர். முதல் எழுத்துகளை அச்சுக்காரன் மாற்றிப் போட்டுவிட்டான் என்று எல்லோரும் நினைத்தார்கள். கிளெமென்ற் உள்ளே வந்ததும் தலைமைக் கிளாக்கர் எழும்பிக் கை கொடுத்தார். யாரோ பற்றீஸ் வாங்கி வர ஆள் அனுப்பினார்கள். எனக்கு மட்டும் உண்மை தெரியும். நான் வாய் திறக்கவில்லை. அவர் என்ன செய்கிறார் என்று பார்த்தேன்.

அவர் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தார். பேனையை எடுத்தார், வைத்தார். பற்றீஸ் வந்தது, தட்டு சுற்றி வந்தது. அவர் முன் தட்டு வந்தபோது எழும்பி நின்றார்.

"அது நான் இல்லை, சேர். நான் பெயில். அது என்ர மனுசி." பிறகு இன்னொன்றும் சொன்னார்: "ரெண்டு வருஷத்துக்கு முதல் பலீல் வாசிச்சாரே, அந்தக் கட்டுரையும் அவ எழுதினதுதான்."

யாரும் சிரிக்கவில்லை. தலைமைக் கிளாக்கர் மட்டும், "அப்படியானால் வீட்டில் சொல்லும், நாங்கள் வாழ்த்துச் சொன்னோம் என்று" என்றார். அதை அவர் வீட்டில் சொன்னார். கந்தோரில் தான் சொன்னதையும் சொன்னார். மெற்றில்டா, "நீங்களும் திரும்ப எழுதுங்க. லத்தீன் நான் சொல்லித் தாறன்" என்றாராம்.

"எனக்கு அதுதான் எல்லாத்திலயும் மோசம்" என்றார் கிளெமென்ற். "என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பன்." அவர் பிறகு ஒருபோதும் பரீட்சை எழுதவில்லை.

1939இல், யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முன், மெற்றில்டா பி.ஏ. ஆனார். மூன்று வருஷத்துக்குப் பிறகு கொழும்பிலேயே சர்வகலாசாலை வந்தது. துறைமுகத்தில் ஜப்பான்காரரின் குண்டு விழுந்த பிறகு அவர்கள் கொட்டாஞ்சேனையை விட்டு வெள்ளவத்தைக்குக் குடிபோனார்கள். மெற்றில்டா பம்பலப்பிட்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் மேல்வகுப்புக்குப் படிப்பித்தார். சர்வகலாசாலைக்குப் போக இருந்த பெண்பிள்ளைகள் மாலையில் வீட்டுக்கு வருவார்கள். கிளெமென்ற் கதவைத் திறந்து, "மிஸ் உள்ள இருக்கிறா" என்பார். அந்த வார்த்தை ஒவ்வொரு முறையும் தன்னைச் சுடும் என்று, ரயில் தண்டவாளத்தோரம் கடலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தபோது சொன்னார். அந்த நடைகளில்தான் முழுக் கதையும் எனக்குத் தெரிய வந்தது.

1946இல் லண்டனில் ஒரு வருஷம் ஆசிரியப் பயிற்சிக்கு அரசாங்கம் தெரிந்தெடுத்தவர்களில் மெற்றில்டாவும் ஒருவர். யுத்தம் முடிந்த கையோடு கப்பலில் இடம் கிடைப்பது பெரும் பாடு. கிளெமென்ற் பிரயாணிகள் பகுதியில் இரண்டு கிழமை மல்லுக்கு நின்றார். கிடைத்த அறை இடப்பக்கத்தில் இருந்தது. செங்கடலில் அந்தப் பக்கம் பின்னேர வெயில் சுட்டெரிக்கும் என்று அதை மாற்றச் சொன்னார். முடியாது என்றார்கள். "பதினெட்டு வருஷமா இந்தக் கந்தோர்ல இருக்கிறன், ஒரு உதவி கேட்டிருக்கிறனா?" என்று கந்தோரில் அவர் கத்தியதை நான் அன்றுதான் முதல்முறை கேட்டேன். வலப்பக்கத்து அறை கிடைத்தது.

கப்பல் போன நாள் நானும் ஜெற்றிக்குப் போயிருந்தேன். மெற்றில்டா மேற்தட்டில் நின்று கையசைத்தார். பதினாறு வயது டோரின் அழுதாள். கிளெமென்ற் தொப்பியைக் கையில் பிடித்தபடி, கப்பல் அலைதடுப்பைத் தாண்டும்வரை நின்றார்.

"சந்தோஷம்தானே?" என்று கேட்டேன்.

"சந்தோஷமும் இருக்கு" என்றார். பிறகு, "நான் போக வேண்டிய ஊர், பலீல்" என்றார். கண்கள் கப்பலை விட்டு அகலவில்லை. "இப்பவும் எரியுது. ஒரு வருஷம் முழுக்க அங்க அவ என்னத்தைப் பாக்கிறா, ஆரோட கதைக்கிறா எண்டு நினைச்சு நினைச்சு எரியப்போகுது."

டோரின் அவருடைய கையைப் பிடித்து இழுத்தாள். வெள்ளவத்தை ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அவர் தொப்பியை வைத்துக்கொண்டு, மகளுக்குப் பசிக்கிறதா என்று கேட்டபடி ஸ்டேசன் பக்கம் நடந்தார்.